எழுபத்தைந்துக்கு மேல் போட்ட அடி

தார் ரோட்டில் பதினோரு வருஷம் வேலை செய்தேன். அதற்கப்புறம் தார் லேபில் பத்து வருஷத்துக்கு மேல். முதல் வேலையில் ரோடு போட்டேன். இரண்டாவது வேலையில் ரோட்டைச் சின்னச் சின்னக் கட்டியாகச் செய்து உடைத்தேன். இரண்டும் தார்தான். லேபில் தலைக்கு மேலே கூரை உண்டு, அவ்வளவுதான்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில், சூளகிரிக்கு முன்னாலேயே உள்ளே திரும்பினால் எங்கள் பிளான்ட். ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலந்து டிப்பரில் ஏற்றி அனுப்புகிற இடம். அதன் பின்பக்கம் தகரக் கூரை போட்ட இரண்டு அறைதான் லேப். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். லேபில் என் வேலைக்கு அது போதும். எண்ணத் தெரிய வேண்டும், எடை பார்க்கத் தெரிய வேண்டும், சூட்டுக்குப் பயப்படக் கூடாது.

வேலை இதுதான். ஜல்லி, சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி, டஸ்ட் என்கிற கல்தூள் மூன்றையும் எடை போட்டு ஓவனில் சூடு பண்ணுவேன். தாரைத் தனியாகச் சூடு பண்ணி ஊற்றிக் கிளறுவேன். எல்லா ஜல்லியும் கறுத்ததும் ஒரு இரும்பு வளையத்தில் கொட்டுவேன். வளையத்துக்கு மோல்டு என்று பேர். மேலே ஹேமரை நிறுத்தி அடிக்க வேண்டும். ஹேமர் என்றால் நட்டமாக நிற்கிற கம்பியில் ஏறி இறங்குகிற நாலரைக் கிலோ எடை. ஒரு முழ உயரம் தூக்கி விட வேண்டும். தானாக விழ வேண்டும். கையால் தள்ளக் கூடாது. ஒரு பக்கம் எழுபத்தைந்து அடி. புரட்டிப் போட்டு மறுபக்கம் எழுபத்தைந்து. ஆறினதும் வளையத்திலிருந்து பிதுக்கி எடுத்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கட்டி வரும். அதை நாங்கள் கேக் என்போம். கேக்கைக் காற்றில் ஒரு எடை, தண்ணீரில் முக்கி ஒரு எடை. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும். அதற்குப் பேர் டென்சிட்டி. ரோட்டில் போட்டு உருட்டிய தார் இந்தக் கேக் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாவது வர வேண்டும். அதுதான் பாஸ்.

எனக்கு முன்னால் ஹேமர் போட்டவர் மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். லேப் இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இதைத் தூக்குவியா?"

"தார் கலவை பாண்டுச் சட்டியில தூக்கினதை விடவா சார்?"

அவ்வளவுதான் இன்டர்வியூ.

நான் எண்ணுவது சந்தைக் கணக்கு. கல்யாணத்துக்கு முன்னால் கல்லாவி சந்தையில் கடலையும் புளியும் படியால் அளந்து விற்றிருக்கிறேன். அங்கே முதல் படியை ஒண்ணு என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. கடைசியில் ஒரு கை அள்ளி மேலே போடுவோம். அது கொசுறு. விளிம்போடு நிறுத்தினால் வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஹேமருக்கும் அப்படியே வந்துவிட்டது. லாபம், ரெண்டு, மூணு என்று எழுபத்தைந்து வரைக்கும் போவேன். அடிக்க அடிக்கச் சத்தம் மாறும். முதலில் தொப் தொப் என்று விழும். அறுபது தாண்டினால் கெட்டியாகும். நன்றாக இறுகினால் டங் என்று கைக்குத் திரும்பி வரும். எழுபத்தைந்துக்குள் அந்த டங் வந்துவிட்டால் எழுபத்தைந்தோடு நிறுத்திவிடுவேன். வரவில்லை என்றால் வருகிற வரைக்கும் போடுவேன். மேலே அஞ்சு, சில நேரம் பத்து. நோட்டில் எழுபத்தைந்து என்று எழுதுவார்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. குறைத்தால்தானே தப்பு. கூடக் கொடுப்பது எப்படித் தப்பாகும் என்று இருந்தேன்.

ஏழாவது வருஷம் லேபுக்கு ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயசு இருக்கும். கம்பெனி அவருக்கு ஒரு மேஜையும் எங்கள் லேபையும் கொடுத்திருந்தது. கூடவே ஒரு பெரிய மெஷின் கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்கதான் ஹேமர் போடுதீயளா?"

"ஆமா சார்."

"என்னையப் போயி சார்னு சொல்லாதீங்கக்கா."

"சரிங்க சார்."

சிரித்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் என்ன ஆராய்ச்சி பண்ணுகிறார் என்று ஒரு மாசம் கழித்துக் கேட்டேன். பேப்பரில் ஒரு ஸ்பிரிங் வரைந்தார். பக்கத்தில் கதவுக்கு மேலே வைப்பார்களே, தள்ளினால் மெதுவாக மூடுகிற டோர் குளோசர், அது மாதிரி ஒன்று வரைந்தார்.

"இதான்க்கா தார் ரோடு. லாரி ஏறினா ஸ்பிரிங் அமுங்கும். லாரி போயிட்டுன்னா ஸ்பிரிங் திரும்பி வந்துரும். டோர் குளோசர் மெதுவா அமுங்கும், முழுசாத் திரும்பி வராது. வராத மிச்சம் ஒவ்வொரு லாரிக்கும் சேந்துக்கிட்டே போகும். அதுதான் ரோட்டுல பள்ளம். எத்தனை ஸ்பிரிங், எத்தனை குளோசர், எவ்வளவு கெட்டின்னு கண்டுபிடிச்சு கணக்குல எழுதிட்டா, எந்த ரோடு எவ்வளவு அமுங்கும்னு முன்னாடியே சொல்லலாம்."

"இதுல ஜல்லி எது சார், தார் எது?"

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "ரெண்டுலயும் ரெண்டும் கலந்துதான்க்கா இருக்கு. பிரிக்க முடியல."

"ரோடு போட்டுப் பாத்தா தெரிஞ்சிடுமே."

"போடுததுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லதுல்லா?"

அது சரிதான். ரோட்டு வேலையில் இருந்தபோது எனக்குக் காலில் தெரியும். காலையில் நேற்றுப் போட்ட ரோட்டில் நடந்தால் செருப்பு பதியாது. மத்தியானம் அதே இடத்தில் நின்றால் குதிகால் பதியும். பேசிக்கொண்டு நின்றால் ஆழமாகப் பதியும். நடந்தால் அவ்வளவு பதியாது. இதைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "இதத்தான்க்கா நான் ரெண்டு வருஷமா எழுதிட்டு இருக்கேன். சூடு, நேரம், எடை" என்றார்.

அவர் மெஷின் என் கேக்கைச் சூட்டில் வைத்து அழுத்தும், விடும், அழுத்தும், விடும். ஆயிரக்கணக்கில். கம்ப்யூட்டரில் ஒரு கோடு போகும். முதலில் சட்டென்று ஏறும். அப்புறம் நிதானமாகப் போகும். கடைசியில் ஒரு இடத்தில் மறுபடி ஓட ஆரம்பிக்கும். "அங்கன ரோடு செத்துப்போச்சு" என்பார். கோடு ஓடுகிற இடத்தைப் பார்க்கத்தான் இருவரும் காத்திருப்போம்.

ஒரு நாள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மூன்று கேக்குக்கும் மூன்று கோடு. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தது.

"எங்க காலேஜ்ல பயலுவ கேக் போட்டா மூணு கோடும் மூணு பக்கம் ஓடும். இங்க பாருங்க. வேற வேற கலவை போட்டாக்கூட கிட்டக் கிட்ட வருது. உங்க கை கையில்லக்கா, மெஷின்."

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு பேக்டரியில் வாட்ச்மேன்.

"வெளியில சொல்லிடாத. மெஷினுக்குச் சம்பளம் கிடையாது" என்றார்.

சார் வந்த இரண்டாவது வருஷம் அவர் கணக்கை நிஜ ரோட்டில் சோதிக்க முடிவு செய்தார்கள். ஒரு பேக்டரி கேட்டுக்கு வெளியே சர்வீஸ் ரோடு. கன்டெய்னர் லாரிகள் உள்ளே போகக் காத்து நிற்கிற இடம். ஓடுகிற லாரியை விட நிற்கிற லாரிதான் ரோட்டைக் கெடுக்கும். அங்கே முன்னூறு மீட்டர் போட்டார்கள். கலவை எங்கள் பிளான்ட்டிலிருந்து போனது. கலவையில் சாம்பிள் எடுக்க நானும் போனேன்.

ரோலர் ஓட்டியவர் கர்நாடகா பக்கம், அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஊர். எங்கள் கம்பெனியில் பல வருஷம். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். பிளான்ட்டுக்கு வந்தால் லேப் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"சென்னாகிதீரா அக்கா? நமக்கும் ஒந்து கேக் கொடி. இவத்து, இன்னிக்கு பர்த்டே."

"போன வாரமும் பர்த்டேன்னீங்க."

"ஆ கேக் கொடலில்லவே, நீங்க தரலையே. அதுக்கு இந்த வாரமும் பர்த்டே."

அவரும் எண்ணுகிற ஆள்தான். ரோலர் ஒரு தடவை போய் வந்தால் பக்கத்துத் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கலவை எவ்வளவு சூட்டில் இருக்கும்போது முதல் நடை, எத்தனை நடை, எல்லாம் அவருக்கு ஒழுங்கு. அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடை குறையவில்லை. அவசரப்படவில்லை. டிப்பர் வர லேட்டானபோது டிரைவரைக் கன்னடத்தில் திட்டினார். கலவை ஆறிவிடும் என்று.

சார் லேப் போர்டில் பெரிதாக 3 என்று எழுதினார். ஒரு கோடை தாண்டினால் சக்கரம் போகிற இடம் மூன்று எம்.எம். அமுங்கும், அதற்கு மேல் போகாது என்று அவர் கணக்கு.

கோடை போனது. அளந்தார்கள். நேரான இரும்புப் பட்டையை ரோட்டின் குறுக்கே வைத்து, அடியில் இருக்கிற இடைவெளியை அளப்பது. ஏழு வந்தது. இரண்டு இடத்தில் எட்டு.

சார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இன்சார்ஜ் கேட்டார்.

"கணக்கு தப்பா, ரோடு தப்பா?"

ரோட்டிலிருந்து துண்டு வெட்டி எடுத்தார்கள். உருளையாக, என் கேக் அகலத்துக்கே இருக்கும். கோர் என்று பேர். எட்டு கோர். லேபில் நான்தான் எடை போட்டேன். என் கேக்கோடு ஒப்பிட்டால் தொண்ணூற்றேழரை. அரை சதவீதம் கம்மி. ஃபெயில்.

சார் அந்தக் குறைந்த டென்சிட்டியைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தார். பள்ளம் அஞ்சு, ஆறு என்று வந்தது. ஏழுக்குக் கிட்டத்தான். அவருக்கு மூச்சு வந்தது. "ரோடு சரியா இறுகலைன்னா என் கணக்கு என்ன செய்யும்?" என்றார். தப்பு ரோட்டின் மேல் போனது. ரோட்டை இறுக்குகிறது ரோலர். ரோலரை ஓட்டியது ஒரே ஆள்.

புதன்கிழமை அவரைக் கூப்பிட்டார்கள். லேபில் வைத்துத்தான் பேசினார்கள். நான் மோல்டு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நடை ஓட்டினே?" என்றார் இன்சார்ஜ்.

"சொன்னது எல்லா ஓட்டினேன் சார். நானு எண்ணி எண்ணி ஓட்டினேன். சாக்பீஸ் கோடு இருக்கு."

"சாக்பீஸ் கோடு நானும் போடுவேன்."

"சார், நானு சுள்ளு ஹேளல்ல. பொய் பேச மாட்டேன்."

"கோர் பேசுதுப்பா. நீ பேசி என்ன? ஹெட் ஆபீஸ்ல இருந்து அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள் வர்றாங்க. அவங்க முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் வீட்டுல இரு."

அவர் சாவியை மேஜையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் மோல்டைப் பார்த்தேன். ரோலர் ஆள் சரியாக உருட்டவில்லை என்று ஒரு கம்பெனி எழுதிவிட்டால் பெங்களூரு முதல் கிருஷ்ணகிரி வரைக்கும் எந்த சைட்டிலும் ஏற்ற மாட்டார்கள். இந்த ரோட்டில் எல்லாக் கான்ட்ராக்டருக்கும் எல்லாரையும் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாருக்கு ரிப்போர்ட்டில் வைக்க வீடியோ தேவைப்பட்டது. கேக் எப்படிச் செய்கிறோம் என்று. அந்த ரோட்டுக் கலவை டின்னில் மிச்சம் இருந்தது. அதையே சூடு பண்ணினேன். அவர் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"சத்தமா எண்ணுங்கக்கா."

எண்ணினேன். லாபம் என்று ஆரம்பித்ததும் சிரித்தார், போன் ஆடியது. முதல் பக்கம் முடிந்து புரட்டிப் போட்டேன். எழுபத்தைந்து வந்ததும் "போதும்க்கா, வீடியோ முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வெளியே போன் பேசப் போனார்.

என் கை நிற்கவில்லை. டங் வரவில்லை. வருகிற வரைக்கும் போட்டது. எட்டு அடி.

ஹேமரை இறக்கி வைத்தேன். வீடியோவில் எழுபத்தைந்து. கேக்கில் எண்பத்து மூன்று. அந்த ரோட்டுக்கு அளவாக வைத்த கேக்கிலும் அப்படித்தான் இருக்கும். ரோடு இறுகவில்லையா, கேக் அதிகமாக இறுகிவிட்டதா?

சாயங்காலம் சார் கிளம்பினதும் அதே டின்னிலிருந்து ஆறு கேக் போட்டேன். மூன்று எழுபத்தைந்தோடு நிறுத்தினேன். நிறுத்துவது கஷ்டமாக இருந்தது. மூன்று என் வழக்கப்படி. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் எடை போட்டேன். காற்றில், தண்ணீரில். எனக்குப் பெருக்கல் வகுத்தல் வராது, கால்குலேட்டர் வரும். நிறுத்தின மூன்றும் இலேசு. வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. நிறுத்தின கேக்கை அளவாக வைத்தால் எட்டு கோரும் பாஸ்.

காலண்டர் தாளின் பின்னால் எழுதி டிபன் பையில் வைத்தேன்.

ஆனால் செவ்வாய் சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. எடை போட்டது உறுதிப்படுத்தத்தான்.

புதன்கிழமை சொல்லவில்லை. வியாழக்கிழமை வீட்டில் சொன்னேன்.

"யாராச்சும் கேட்டாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"கேக்கல."

"அப்ப வாயை மூடிட்டு இரு புள்ள. ஒன்பது வருஷத்துக் கேக்கு. ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்புன்னுவாங்க. உன்னை முதல்ல அனுப்புவாங்க."

"அந்த ஆளை அனுப்பறாங்களே."

"அந்த ஆளுக்கு ரோலர் ஓட்டத் தெரியும். உனக்கு என்ன தெரியும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. லேபை விட்டால் எனக்கு மறுபடி பாண்டுதான். முட்டி ஒத்துழைக்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோலர்காரர் எனக்குப் போன் பண்ணினார். அதற்கு முன்னால் அவர் போன் பண்ணினது இல்லை. இன்சார்ஜிடம் நம்பர் வாங்கினாராம்.

"அக்கா, கோர் இன்னொரு தடவை பாத்தாங்களா?"

"இல்லைங்க."

"நீங்க லேபுல இருக்கீங்க. ஏனாதரு காதுல விழுந்தா ஹேளி, சொல்லுங்க. நான் ஹத்து நடைன்னா ஹத்து, பத்துன்னா பத்து ஓட்டினேன் அக்கா. நீங்களே பக்கத்துல நின்னு பாத்தீங்க."

"பாத்தேன்."

"அது போதும் எனக்கு" என்றார்.

அது போதாது என்று எனக்குத் தெரியும். "சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் சார் வந்து பையைக் கழற்றி வைப்பதற்குள் சொன்னேன். காலண்டர் தாளைக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"இது எப்பலேருந்துக்கா?"

"ஹேமர் பிடிச்ச நாள்லேருந்து."

"என்னோட கேக் எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"எத்தனை அடி கூட? அஞ்சா, பத்தா?"

"கைக்குத் தெரியற வரைக்கும்."

"ஒரே எண்ணிக்கை இல்லையா?"

"இல்ல சார். லூசா இருந்தா ஜாஸ்தி. சீக்கிரம் இறுகிட்டா எழுபத்தஞ்சோட நிறுத்திடுவேன்."

உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எல்லாத்துக்கும் அஞ்சு அஞ்சு கூடப் போட்டிருந்தா ஒரு இழுப்புல சரி பண்ணிரலாம்க்கா. நீங்க ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து ஒரே மாதிரி ஆக்கிட்டீய. இறுகாத கலவையை அடிச்சு இறுக்கிட்டீய. அதான் கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துருக்கு. நான் அதப் பாத்து..." நிறுத்தினார். "எனக்கு நல்ல கேக் வேண்டாம்க்கா. அந்தக் கலவை எப்படியோ அப்படியே வேணும்."

"அது எனக்குத் தெரியாதுங்க சார்."

"நானும் சொல்லல. எழுபத்தஞ்சுன்னு எழுதியிருக்குல்லா, அதுக்கு மேல யாரு போடப்போறான்னு இருந்துட்டேன்."

அவர் ஆராய்ச்சியைக் கொடுக்க இரண்டு மாசம்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். வெளியே போனார். டீக்கடை வரைக்கும் போனார். வர முக்கால் மணி ஆனது. நான் ஓவனைப் போட்டு டின்னில் மிச்சமிருந்த அந்த ரோட்டுக் கலவையைச் சூடு பண்ணி வைத்திருந்தேன். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம்.

வந்தவர் சட்டைக் கையை மடித்தார். "ஆறு போடுவோம். நான் எண்ணுதேன். நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

எண்ணினார். ஒண்ணு என்றுதான் ஆரம்பித்தார். எழுபத்தைந்தில் கையைக் குறுக்கே நீட்டினார். ஆறு கேக்கும் ஆற வைத்தோம். மத்தியானத்துக்கு மேல் எடை. கோர்களோடு ஒப்பிட்டால் தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஒரு நூல். பாஸ்.

அப்படியே இன்சார்ஜ் அறைக்குப் போனோம். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரும்மா உன்னை இப்பிடிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

தலையில் கை வைத்துக்கொண்டார். சாரிடம் திரும்பினார். "இது உனக்கும் கெட்டது, எனக்கும் கெட்டது. உன் ரெண்டு வருஷ வேலை போகும். என் லேப் பேர் போகும். ரோலர் ஓட்றவனுக்கு வேற இடமா இல்ல? எங்கேயாவது போய்ப் பொழைச்சுக்குவான்."

"அவரு எதுக்கு சார் போகணும்? அவரு போட்ட ரோடு பாஸ்."

"யோசிச்சுப் பேசு."

"டீக்கடையில வச்சு யோசிச்சுட்டேன் சார். ஹெட் ஆபீஸுக்கு லெட்டர் எழுதிட்டேன்."

பையிலிருந்து எடுத்து வைத்தார். இன்சார்ஜ் படித்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் நின்றோம். அவர் கெட்டவர் இல்லை. லெட்டரில் கடைசி வரியில் தன் கையெழுத்தையும் போட்டார். போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் வெளியில போங்க. கொஞ்ச நேரம் என் முகத்துல முழிக்காதீங்க" என்றார்.

ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். என்னை அரை மணி கேள்வி கேட்டார்கள். இருந்ததைச் சொன்னேன். ஒருவர் மட்டும், கடைசியில் சத்தம் எப்படி மாறும் என்று கேட்டார். வாயால் செய்து காட்டினேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஹேமரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு மாசத்தில் கரண்ட்டில் ஓடுகிற ஹேமர் வந்தது. எழுபத்தைந்து என்று நம்பரைப் போட்டால் எழுபத்தைந்தில் நின்றுவிடும். நான் இப்போது ஜல்லி சலிக்கிறேன். அளவு வாரியாகச் சல்லடையில் சலித்து எடை போடுவது. சம்பளம் அதேதான்.

சாரின் ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப் போனது. எல்லாக் கேக்கையும் புது ஹேமரில் மறுபடி போட்டார். கோடுகள் மூன்றும் மூன்று பக்கம் ஓடின. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆளை அப்போதுதான் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங்கைக் கூட்டினார், குளோசரை மாற்றினார். புதுக் கணக்கு அந்த ரோட்டுக்கு ஆறு எம்.எம். என்றது. ரோடு ஏழு. "ஒண்ணு இன்னும் எங்கயோ ஒளிஞ்சு கெடக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே ஊருக்குப் போனார்.

ரோலர்காரர் ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டார். இன்சார்ஜே போன் பண்ணி விவரம் சொல்லி வரவழைத்தார். அவர் ரோலருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தவர். தாடி எடுக்கவில்லை. ஊரில் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"என்னாலதாங்க" என்றேன்.

"இன்சார்ஜ் சார் ஹேளிதரு." டீசல் கேனை இறக்கி வைத்தார். "நீங்க வேணும்னு பண்ணலை. அது கொத்து, தெரியும். யாவாக, எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செவ்வாக்கிழமை."

"சொன்னது?"

"சனிக்கிழமை."

"நான் போன் பண்ணினது சுக்ரவாரா. வெள்ளிக்கிழமை."

"ஆமாங்க."

"அப்ப தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

கேன் மூடியைத் திருகினார். கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஏதாவது திட்டுவார் என்று நின்றேன். ஏறி உட்கார்ந்து ரோலரை ஸ்டார்ட் பண்ணினார். நான் நகர்ந்து வழி விட்டேன்.

அவர் இன்னும் இதே கம்பெனியில்தான் இருக்கிறார். என்னோடு பேசுகிறார். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பேசுகிறார்.